பக்கக் காற்றும் வீச்சும்: சிறு விமானங்களின் தரையிறக்க விபத்துகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு பேரிலிருந்து ஆறு பேர் வரை உட்காரக்கூடிய ஒற்றை என்ஜின் விமானங்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. செஸ்னா 172, பைப்பர் ஆர்ச்சர் மாதிரியானவை. பறக்கப் பழகுகிறவர்கள், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்கள், ஓடுபாதை ஓரம் இறக்கை மடங்கிக் கிடக்கும் விமானத்தின் படத்தைப் பார்த்துவிட்டு "இது எப்படி ஆச்சு?" என்று கேட்பவர்கள் என்று எல்லாருடைய கேள்விகளும் இதில் கலந்திருக்கின்றன.

பக்கக் காற்று புரிகிறது. "வீச்சு" என்று தனியாகச் சொல்வது எதற்கு?

காற்று ஒரே சீராக அடித்தால், அது பலமாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். கண்ட்ரோல்களை எவ்வளவு திருப்பவேண்டும் என்பது இறங்கி வரும்போதே பிடிபட்டுவிடும். வீச்சு அந்த வசதியைக் கெடுக்கிறது. 14 நாட்டில் அடித்துக்கொண்டிருந்த காற்று கண்மூடித் திறப்பதற்குள் 24 ஆகும், அடுத்த சில நொடிகளில் 12க்கு விழும். (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.) திசையும் கூடவே மாறும். தரையோடு உரசுவதால் கீழ்க்காற்று மெதுவாகவும் கொஞ்சம் திசை திரும்பியும் வீசுகிறது. மேலே ஓடிக்கொண்டிருக்கும் வேகமான காற்றில் ஒரு பகுதி கீழே இறங்கி வருவதுதான் பெரும்பாலும் வீச்சு. அது வரும்போது மேல்மட்டத்தின் திசையையும் சேர்த்தே கொண்டுவரும். வெயிலில் தரை சூடாகி மேல்காற்றும் கீழ்க்காற்றும் கலக்கும் பிற்பகலில் இது அதிகம். அதிகாலையிலும் அந்தி சாயும் நேரத்திலும் பொதுவாக அடங்கியிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் வானிலை அறிக்கையில், சர்வதேச முறைப்படி, சராசரிக் காற்றைவிட உச்சம் 10 நாட்டாவது அதிகமாக இருந்தால்தான் வீச்சு என்று குறிப்பிடுவார்கள். 8 நாட் ஏறி இறங்கினால் அறிக்கையில் வீச்சு என்ற பேச்சே இருக்காது. அறிக்கையில் இல்லை என்பதால் வீச்சே இல்லை என்று ஆகிவிடாது.

காற்றில் எவ்வளவு பக்கவாட்டில் அடிக்கிறது என்று எப்படிக் கணக்கிடுவது?

காற்றின் திசைக்கும் ஓடுபாதையின் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பாருங்கள். 30 டிகிரி என்றால் காற்றில் பாதி பக்கவாட்டில் அடிக்கிறது. 45 என்றால் பத்தில் ஏழு பங்கு. 60 டிகிரியைத் தாண்டினால் முழுக்காற்றும் பக்கக் காற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கூட்டியே கணக்கிடுவது நல்லது.

உதாரணமாக, ஓடுபாதை 27, அதாவது 270 டிகிரித் திசை. காற்று 310 டிகிரியிலிருந்து 16 நாட், வீச்சு 26. கோணம் 40 டிகிரி. சராசரிக் காற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் பக்கக் காற்று சுமார் 10 நாட், "பரவாயில்லை" என்று தோன்றும். வீச்சை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 17. முடிவை 17ஐ வைத்துத்தான் எடுக்கவேண்டும். சக்கரம் தொடும் நேரத்தில் காற்று சராசரியில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

கூடவே ஒரு சின்ன விஷயம். மெட்டாரில் காற்றின் திசை உண்மை வடக்கை (வரைபடத்தின் வடக்கை) ஒட்டியது. ஓடுபாதை எண்ணும் டவர் (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம்) சொல்லும் காற்றும் காந்த வடக்கை (திசைகாட்டி காட்டும் வடக்கை) ஒட்டியவை. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமுள்ள பகுதிகளில் இதைக் கழித்துக் கூட்டாமல் விட்டால் கணக்கு பிசகும்.

விமானக் கையேட்டில் பக்கக் காற்று 15 நாட் என்று போட்டிருக்கிறது. 16 ஆனால் இறக்கவே கூடாதா?

பெரும்பாலான சிறு விமானங்களின் கையேட்டில் இருப்பது "செய்து காட்டப்பட்ட" அளவு. சான்றிதழுக்கான சோதனையின்போது கிடைத்த காற்றில் ஒரு சோதனை விமானி இறக்கிக் காட்டினார், அந்த எண்ணை எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். செஸ்னா 172எஸ் ரகத்துக்கு அது 15 நாட். சின்ன செஸ்னா 152க்கு 12. இன்று பறக்கும் பெரும்பாலான சிறு விமானங்கள் சான்று பெற்ற பழைய அமெரிக்க விதி கேட்டது, இறங்கும் நிலையில் உள்ள ஸ்டால் வேகத்தில் 20 சதவீதத்துக்குச் சமமான பக்கக் காற்றை விமானம் தாங்கவேண்டும் என்பதைத்தான். (ஸ்டால் வேகம் என்றால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும் வேகம்.) 172எஸ்ஸுக்கு அது 48 நாட். அதாவது விதி கேட்டது 10 நாட்டுக்கும் குறைவு, காட்டியது 15.

ஆக, அது சட்டம் போட்ட வரம்பு அல்ல (சில விமானங்களுக்கு வரம்பாகவே எழுதியிருப்பார்கள், கையேட்டைப் பார்த்துக்கொள்ளவும்). "வரம்பு இல்லையே, அப்போ 20லயும் இறக்கலாம்" என்று இதை எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அந்த 15ஐக் காட்டியவர் அதையே தொழிலாகச் செய்யும் சோதனை விமானி. மாதம் ஒருமுறை பறப்பவருக்கான எண் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கவேண்டும். என் கருத்தில், போன மூன்று மாதத்தில் நீங்கள் உண்மையில் இறக்கிப் பார்த்த அதிகபட்சக் காற்று எதுவோ அதுதான் உங்கள் வரம்பு. கையேட்டில் உள்ளது விமானத்தைப் பற்றிய தகவல்.

இந்த விபத்துகளில் உயிர் போகுமா?

அரிதாக. சிறு விமான விபத்துகளில் தரையிறங்கும்போது நடப்பவையே எண்ணிக்கையில் அதிகம், ஆனால் அவற்றில் மிகச் சிறு பங்குதான் உயிரைப் பறிக்கிறது. ஓடுபாதையைவிட்டு விலகி, இறக்கை முனை உரசி, மூக்குச் சக்கரம் மடங்கி, புரொப்பெல்லர் தரையில் அடித்து நிற்கும். உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறந்து இறங்கி வந்துவிடுவார்கள்.

உயிர் போகும் விபத்து பெரும்பாலும் ஓடுபாதைக்கு வருமுன்பே, கடைசித் திருப்பத்தில் நடக்கிறது. இல்லையென்றால் இறங்க முடியாமல் மறுபடி மேலேறும்போது. இரண்டையும் கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

சரி, தரையில் நடக்கும் விபத்து எந்த நொடியில் தொடங்குகிறது?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சக்கரம் தொடும் கணம்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு அடுத்த ஐந்தாறு நொடிகளைத்தான் கவனிக்கவேண்டும்.

ஒரு 172 இறங்குகிறது. காற்று இடப்பக்கத்திலிருந்து. விமானி இட இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி, வலது ரடர் பெடலை மிதித்து (ரடர் என்பது மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை), மூக்கை நடுக்கோட்டுக்கு நேராக வைத்திருக்கிறார். இடச் சக்கரம் முதலில் தொடுகிறது, டயர் ஒரு கீச்சுக் கீச்சுகிறது. அப்புறம் வலச் சக்கரம், அப்புறம் மூக்குச் சக்கரம். அருமையான இறக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "சூப்பர்" என்கிறார். விமானியின் தோள் தளர்கிறது. கை, யோக்கை (விமானத்தின் ஸ்டீயரிங்கை) நடுவுக்கு விட்டுவிடுகிறது. கால் பெடலில் சும்மா கிடக்கிறது.

விமானம் இன்னும் 45 நாட்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. எடையில் கணிசமான பங்கை இறக்கைகள்தான் தாங்குகின்றன, டயருக்குப் போதிய பிடிப்பு இன்னும் வரவில்லை. இந்த நேரத்தில் இடப்பக்கத்திலிருந்து ஒரு வீச்சு. இட இறக்கை மேலே கிளம்புகிறது. வாலில் நிற்கும் செங்குத்துத் துடுப்பைக் காற்று தள்ள, மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. மூக்கு இடப்பக்கம் போக, விமானத்தின் உடல் வலப்பக்கம் சரிகிறது. விமானி பதறி பிரேக்கை மிதிக்கிறார். பாரம் ஏறாத சக்கரம் பிடிக்காமல் வழுக்குகிறது. மூன்று நொடியில் இடது ஓரத்து விளக்கு ஒன்றை உடைத்துக்கொண்டு புல்லில் இறங்குகிறது விமானம். புல் ஈரமாகவோ குழியாகவோ இருந்தால் மூக்குச் சக்கரம் அங்கேயே மடங்கும்.

சிறு ஓடுபாதைகள் பெரும்பாலும் 18லிருந்து 30 மீட்டர் அகலம். 18 மீட்டர் ஓடுபாதையில் நடுக்கோட்டிலிருந்து ஓரத்துக்கு ஒன்பதே மீட்டர். மூக்கு 20 டிகிரி திரும்பிய விமானம் 40 நாட்டில் ஓடினால் அந்த ஒன்பது மீட்டரைக் கடக்க ஒன்றரை நொடிக்குக் கீழ்தான் ஆகும்.

தவிர்க்கும் வழி சொல்வதற்கு எளிது. சக்கரம் தொட்ட பிறகு ஏய்லரானைக் (யோக்கால் இயங்கும், இறக்கையைச் சாய்க்கும் பலகையை) காற்று வரும் பக்கமாகத் திருப்பிக்கொண்டே போகவேண்டும். வேகம் குறையக் குறைய ஏய்லரானின் பலமும் குறைவதால் திருப்பல் கூடிக்கொண்டே போய், ஓட்டம் முடியும்போது யோக் கடைசிவரை திரும்பியிருக்கவேண்டும். கால் ரடரில் உயிரோடு இருக்கவேண்டும். விமானம் ஓடுபாதையைவிட்டுத் திரும்பி, நின்று, கட்டிப்போடும்வரை பறத்தல் முடியவில்லை. நல்ல பயிற்றுநரிடம் படித்தவர்களைப் பார்த்தாலே தெரியும்: ஓடுபாதை கடைசியில் நடந்து போகும் வேகத்தில் வரும்போதும் அவர்கள் யோக் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பியிருக்கும்.

மூக்கைச் சாய்த்து வருவது நல்லதா, இறக்கையைத் தாழ்த்தி வருவது நல்லதா?

இரண்டும் வேண்டும். பரிசல்காரர் அக்கரைக்குப் போக நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பரிசலைத் திருப்பிக்கொள்வது போல, மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பிக்கொண்டு நேர்க்கோட்டில் வருவது ஒரு முறை. கிராப் என்பார்கள். 65 நாட்டில் வரும் விமானத்துக்குப் பக்கக் காற்று 17 நாட் என்றால் மூக்கு 15 டிகிரி திரும்பியிருக்கவேண்டும். உடம்புக்கு வசதியான முறை, பயணிகளுக்கும் பயமில்லை. ஆனால் அப்படியே தொட்டால் சக்கரங்கள் ஒரு பக்கம் பார்க்க, விமானம் வேறு பக்கம் போகும். சிறு விமானத்தின் கால்கள் அந்தப் பக்கச் சுமையை அடிக்கடி தாங்கச் செய்யப்பட்டவை அல்ல.

இன்னொரு முறையில், காற்று வரும் பக்க இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரடரால் மூக்கை நேராக்கி வருவார்கள். நகர்வை நிறுத்துவது ஏய்லரானின் வேலை, மூக்கை நேராக வைப்பது ரடரின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வெற்றி. பலரும் தூரத்தில் கிராப் வைத்து வந்து, தரைக்குச் சற்று மேலே இறக்கை தாழ்த்தும் முறைக்கு மாறுகிறார்கள். வீச்சு அதிகமுள்ள நாளில் கொஞ்சம் முன்கூட்டியே மாறிவிடுவது மேல் என்பேன். தரைக்கு ஒரு மீட்டர் மேலே வந்து, வீச்சும் அடிக்கும் அதே கணத்தில், மூக்கையும் நேராக்கி இறக்கையையும் தாழ்த்து என்றால் புதியவர்களுக்குக் கை கால் ஓடாது.

முன்கூட்டியே மாறுவதில் ஒரு லாபமும் உண்டு. ரடரை முழுக்க மிதித்தும் மூக்கு ஓடுபாதைக்கு நேராக வர மறுத்தால், இந்த ஓடுபாதையில் இந்தக் காற்று இந்த விமானத்துக்கு ஒத்துவராது என்று 60 மீட்டர் உயரத்திலேயே தெரிந்துவிடும். திரும்பிப் போக நேரம் இருக்கும்.

வீச்சு இருந்தால் வேகத்தைக் கூட்டி வரவேண்டும் என்கிறார்கள். நிறையக் கூட்டினால் இன்னும் பாதுகாப்புதானே?

கூட்டவேண்டும், ஆனால் அளவோடு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பயிற்சிக் கையேடு சொல்வது, வீச்சின் அளவில் பாதி. காற்று 16, வீச்சு 26 என்றால் வித்தியாசம் 10, அதில் பாதி 5. வழக்கமாக 65இல் வருபவர் 70இல் வரலாம். வீச்சு சட்டென்று விழும்போது ஸ்டால் ஆகாமல் இருக்க அந்த 5 நாட் கைகொடுக்கும்.

"பயமா இருக்கு, 80ல வர்றேன்" என்பதுதான் பிரச்சினை. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் இயக்க ஆற்றல் ஏறும். 60க்குப் பதில் 70இல் வந்தாலே 36 சதவீதம் அதிகம். அந்த ஆற்றல் தீரும்வரை விமானம் இறங்க மறுத்து ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போகும். மிதக்கும் ஒவ்வொரு நொடியும் வீச்சுக்கு இன்னொரு வாய்ப்பு. பொறுமை இழந்து யோக்கை முன்னே தள்ளினால் மூக்குச் சக்கரம் முதலில் தொடும். பாரம் முழுக்க அதன்மேல் விழுந்து, பின்னே உள்ள இரண்டும் தரையில் லேசாகத் தட்டிக்கொண்டு வரும்போது விமானம் அந்த ஒற்றைச் சக்கரத்தைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். அல்லது துள்ளும். துள்ளலை அமுக்க இன்னும் தள்ளினால், அடுத்த துள்ளல் பெரிதாகும். மூன்றாவது துள்ளலில் பெரும்பாலும் மூக்குச் சக்கரம் போய்விடும்.

ஃபிளாப் முழுவதும் இறக்கலாமா?

ஃபிளாப் என்பது மெதுவான வேகத்திலும் பறக்க உதவ, இறக்கையின் பின்னோரத்தில் கீழே இறக்கும் பலகை. செஸ்னா 172இன் கையேடு, பலத்த பக்கக் காற்றில் ஓடுபாதை நீளத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஃபிளாப் போதும் என்கிறது. ஃபிளாப் குறைவாக இருந்தால் தொடும் வேகம் கொஞ்சம் கூடும், ஆனால் கண்ட்ரோல்கள் இறுக்கமாக இருக்கும், மறுபடி மேலேறுவதும் எளிது. ஓடுபாதை குட்டையாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

இறங்கிய உடனே ஃபிளாப்பை மடக்கினால் சக்கரத்தில் பாரம் ஏறும் என்பது உண்மை. ஆனால் உள்ளிழுக்கும் சக்கரமுள்ள விமானங்களில் அவசரத்தில் ஃபிளாப் நெம்புகோலுக்குப் பதில் சக்கர நெம்புகோலை இழுத்து விமானத்தை வயிற்றில் உட்காரவைத்தவர்கள் இருக்கிறார்கள். ஓடும்போது கைக்கு வேறு வேலை இருக்கிறது, அதைச் செய்யட்டும்.

வால் சக்கர விமானம் இன்னும் மோசம் என்கிறார்களே?

ஆமாம், அதற்கு இயற்பியல்தான் காரணம். மூக்குச் சக்கர விமானத்தில் எடை மையம் முக்கியச் சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. மூக்கு லேசாகத் திரும்பினால் எடையே இழுத்து நேராக்கப் பார்க்கும். வால் சக்கர விமானத்தில் எடை மையம் சக்கரங்களுக்குப் பின்னால். திரும்ப ஆரம்பித்தால் எடை அதை இன்னும் திருப்பிவிடும். சுழற்சி ஒரு கட்டத்தைத் தாண்டினால் ரடரும் பிரேக்கும் சேர்ந்தாலும் நிறுத்த முடியாது. விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, வெளிப்பக்க இறக்கை தரையில் மோதும். கிரவுண்ட் லூப் என்பது இதுதான்.

இந்தத் தொல்லையைத் தீர்க்கப் பொறியாளர்கள் பலவற்றை முயன்றிருக்கிறார்கள். எர்கூப் என்ற பழைய இரட்டை இருக்கை விமானத்தில் ரடர் பெடலே கிடையாது. ஏய்லரானோடு ரடரை இணைத்துவிட்டார்கள். மூக்கு சாய்ந்தபடியே வந்து தொடும், உறுதியான கால்கள் அதைத் தாங்கி நேராக்கிவிடும். செஸ்னா 195க்குப் பக்கவாட்டில் திரும்பும் சக்கரங்களை விருப்பத் தேர்வாகக் கொடுத்தார்கள். பி-52 குண்டுவீச்சு விமானத்தில் சக்கரத் தொகுதிகளையே 20 டிகிரிவரை திருப்பிவைத்து, மூக்கு ஒரு பக்கம் பார்க்க ஓடுபாதையில் நேராக ஓடலாம். பார்க்க விநோதமாக இருக்கும்.

மேலிறக்கையா, கீழிறக்கையா?

மேலிறக்கையில் (உடலுக்கு மேலே இறக்கை உள்ள விமானத்தில்) முனைக்கும் தரைக்கும் இடைவெளி அதிகம். ஆனால் வீச்சு அதை எளிதாகத் தூக்கும். கீழிறக்கை நிலையாக நிற்கும், ஆனால் தாழ்த்த இடம் குறைவு. இதைவிட, அந்த விமானத்தில் நீங்கள் எவ்வளவு பழகியிருக்கிறீர்கள் என்பதுதான் வித்தியாசம் செய்யும்.

ஓடுபாதை ஓரத்தில் மரங்களோ ஹேங்கர்களோ (விமானக் கொட்டகைகளோ) இருந்தால் காற்றைத் தடுத்து உதவாதா?

தடுக்கும், அதுதான் சங்கடம். காற்று வரும் பக்கம் ஒரு நீண்ட ஹேங்கர் வரிசை இருந்தால், அதன் பின்னால் காற்று சுருண்டு குழம்பும். கட்டடத்தின் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரம்வரை அந்தக் குழப்பம் இருக்கும். விமானி 15 நாட் காற்றுக்கு இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு வருகிறார். ஹேங்கர் நிழலுக்குள் நுழைந்ததும் காற்று காணாமல் போகிறது, விமானம் ஹேங்கர் பக்கமாகவே நகர்கிறது. அதைத் திருத்துவதற்குள் இரண்டு கட்டடங்களுக்கு நடுவேயுள்ள இடைவெளி வந்துவிடுகிறது, அங்கே காற்று பீறிட்டு அடிக்கிறது. ஒரு இடத்தில் இறங்குமுன் அந்த விமான நிலையத்தின் வரைபடத்தில் எந்தப் பக்கம் கட்டடம், எந்தப் பக்கம் தோப்பு என்று பார்த்துவைத்துக்கொள்வது நேர விரயம் அல்ல.

டவரில் "காற்று 12 நாட்" என்றார்கள், இறங்கும்போது அதைவிட அதிகம். யார் தப்பு?

யாருடைய தப்பும் இல்லை. டவர் சொல்வது வழக்கமாக இரண்டு நிமிடச் சராசரி. மெட்டாரில் வருவது சர்வதேச முறைப்படி பத்து நிமிடச் சராசரி. காற்றுமானி இருப்பதோ ஓடுபாதையின் வேறு மூலையில். நீங்கள் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுப் பையைத்தான் கடைசியாக நம்பவேண்டும். அமெரிக்கத் தரப்படி செய்யப்பட்ட பை 15 நாட்டில் முழுக்க விறைத்து நிற்கும். அதற்கு மேல் 20 ஆனாலும் 30 ஆனாலும் அதே நிலைதான் என்பதை மறக்கவேண்டாம். பை விறைத்து நிற்பதைவிட, விறைப்பதும் தொங்குவதுமாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தால் எனக்கு அதிகக் கவலை வரும்.

கடைசித் திருப்பத்தில் என்ன ஆபத்து?

இறங்குமுன் விமானம் ஓடுபாதைக்குக் குறுக்காகக் கொஞ்ச தூரம் பறந்து, பிறகு 90 டிகிரி திரும்பி ஓடுபாதைக்கு நேராக வரும். பக்கக் காற்று அந்தக் குறுக்குப் பறத்தலில் முதுகுப் பக்கமிருந்து தள்ளினால், விமானம் தரைக்கு மேல் நினைத்ததைவிட வேகமாகப் போய், திரும்பவேண்டிய இடத்தைத் தாண்டிவிடும். ஓடுபாதை ஜன்னலில் நழுவிப் போவதைப் பார்த்ததும் விமானி இன்னும் சாய்க்கிறார். சாய்வு அதிகமாகிவிட்டதே என்று பயந்து, சாய்ப்பதற்குப் பதில் உள்பக்க ரடரை மிதித்து மூக்கை இழுக்கிறார். மூக்கு தாழ்கிறது, யோக்கைப் பின்னுக்கு இழுக்கிறார்.

சம உயரத்தில் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறும். 60 டிகிரியில் 41 சதவீதம். 48 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம் 60 டிகிரிச் சாய்வில் 68 நாட்டிலேயே ஆகிவிடும். ரடரும் தப்பான அளவில் இருந்தால் உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகி விமானம் புரண்டு சுழலும். 150 மீட்டர் உயரத்தில் அதிலிருந்து மீளவே முடியாது. மேலே சொன்ன உயிர்போகும் விபத்து இதுதான்.

தாண்டிவிட்டதா, தாண்டட்டும். சாய்வை 30 டிகிரிக்கு மேல் கொண்டுபோகாமல் மேலேறி இன்னொரு சுற்று வரலாம். முதுகில் காற்று தள்ளும் பக்கம் என்று முன்பே தெரிந்தால் சற்று முன்கூட்டியே திரும்பத் தொடங்கலாம்.

கோ-அரவுண்ட் எப்போது செய்யவேண்டும்? அதிலும் விபத்து நடக்கிறதே?

இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலேறுவதுதான் கோ-அரவுண்ட். நடுக்கோட்டிலிருந்து விலகி நகர்ந்துகொண்டிருக்கிறீர்கள், திருத்தியும் நிற்கவில்லை: போங்கள். ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் தொடவில்லை: போங்கள். ஒரு முறை பெரிதாகத் துள்ளியது: போங்கள். யாரும் மதிப்பெண் குறைக்கப்போவதில்லை.

விபத்தாவது பெரும்பாலும் தாமதமான கோ-அரவுண்ட். வேகம் விழுந்து, மூக்கு ஏற்கெனவே காற்றுப் பக்கம் திரும்பிய பிறகு திராட்டிலை (என்ஜின் சக்தியைக் கூட்டும் பிடியை) முழுக்கத் தள்ளுகிறார்கள். மெதுவான வேகத்தில் முழு சக்தி கொடுத்தால், பெரும்பாலான ஒற்றை என்ஜின் விமானங்களில் புரொப்பெல்லரின் விளைவால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது ரடர் கேட்கும். ஃபிளாப் முழுக்க இறங்கியிருக்க, இறங்குவதற்காக வைத்த டிரிம்மும் (மூக்கை ஒரு நிலையில் பிடித்துவைக்கும் அமைப்பும்) சேர்ந்து மூக்கை மேலே தூக்கும். அதை அமுக்கிப் பிடிக்காவிட்டால் ஓடுபாதைக்கு மேலேயே ஸ்டால். சக்தி, மூக்கை அமுக்குதல், ரடர், அப்புறம் ஃபிளாப்பைப் படிப்படியாக மடக்குதல் என்ற வரிசை யோசிக்காமல் கைக்கு வரவேண்டும். இந்தப் பயிற்சியை அமைதியான நாளில் பத்து முறை செய்திருந்தால் வீச்சுள்ள நாளில் வரும். புத்தகத்தில் படித்ததோடு நிறுத்தியிருந்தால் வராது.

சக்கரம் தொட்டு, விமானம் பாதை மாறி ஓரத்தை நோக்கி ஓடத் தொடங்கிய பிறகு கோ-அரவுண்ட் என்பது பல நேரம் நல்ல யோசனை அல்ல. திராட்டிலை மூடிக்கொண்டு மெதுவாகப் புல்லில் இறங்கினால் விமானம்தான் சேதமாகும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் காற்று அளவுக்கு மீறி இருந்தால்?

காற்றுக்கு நேரான வேறு ஓடுபாதை அங்கேயே இருக்கலாம், கேளுங்கள். டவர் ஒதுக்கியதில்தான் இறங்கவேண்டும் என்று இல்லை. இல்லாவிட்டால் பக்கத்து விமான நிலையம். அதற்குத்தான் எரிபொருளை மிச்சம் வைத்து வருவது. இடி மழை மேகத்திலிருந்து வரும் வீச்சு என்றால், தள்ளிப்போய்க் காத்திருந்தால் பல நேரம் அடங்கிவிடும். எரிபொருள் குறைவாகக் கொண்டுவந்தவருக்கு இந்தக் கடைசி இரண்டு வழியும் அடைபட்டிருக்கும். விபத்தின் தொடக்கம் அந்தக் கட்டத்தில் காற்று அல்ல, புறப்படும்போது எடுத்த முடிவு.

பெரிய விமானங்கள் சாய்ந்தபடியே தொடுகின்றனவே, அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லையா?

அவற்றின் கால்கள் உறுதியானவை, எடையும் அதிகம். தவிர, இறக்கைக்குக் கீழே என்ஜின் தொங்குவதால் இறக்கையை அதிகம் தாழ்த்தவும் முடியாது. அதற்காகக் காற்று அவற்றை விட்டுவைப்பதில்லை. 2008 மார்ச் 1ஆம் தேதி ஹாம்பர்க்கில் புயல் காற்றில் இறங்கிய லுஃப்தான்சா ஏர்பஸ் ஏ320 ஒன்றின் இட இறக்கை முனை ஓடுபாதையில் உரசியது. மேலேறிச் சுற்றிவந்து பத்திரமாக இறக்கினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று டென்வரில் கான்டினென்டல் ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று புறப்படும் ஓட்டத்திலேயே பலத்த பக்கக் காற்றில் ஓடுபாதையைவிட்டு இடப்பக்கம் பாய்ந்து தீப்பிடித்தது. எல்லாரும் உயிர் தப்பினார்கள். கேப்டன் வலது ரடரைத் தளர்த்தியதே முதன்மைக் காரணம் என்றது விசாரணை. 172இல் நடப்பதும் அதே கதைதான்.

இறங்கியாயிற்று. டாக்ஸி செய்யும்போதுமா (தரையில் ஓட்டிப்போகும்போதுமா) பயப்படவேண்டும்?

வீச்சு பலமாக இருந்தால், ஆமாம். முன்பக்கவாட்டிலிருந்து காற்று என்றால் யோக்கைக் காற்று வரும் பக்கம் திருப்புங்கள். பின்பக்கவாட்டிலிருந்து என்றால் யோக்கைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, முன்னே தள்ளி வையுங்கள். மேலிறக்கை, மூக்குச் சக்கர விமானத்தைக் கவிழ்ப்பதில் இந்தப் பின்பக்கவாட்டுக் காற்றுதான் கில்லாடி. மெதுவாகப் போங்கள், திருப்பங்களில் இன்னும் மெதுவாக.

நான் பயணிதான். என்னால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா?

"சாயங்காலம் கல்யாண வரவேற்புக்குப் போயே ஆகணும்" என்று விமானியிடம் சொல்லாமல் இருங்கள். பெல்ட்டின் தோள் பட்டையை இறுக்கிக்கொள்ளுங்கள், கதவு எப்படித் திறக்கும் என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். இறங்கி ஓடும்போது பேச்சுக் கொடுக்கவேண்டாம், பாராட்டுகூட அப்புறம். அவர் மேலேறி இன்னொரு சுற்று வந்தால் அவருக்கு வேலை தெரியும் என்று அர்த்தம்.

புரொப்பெல்லர் லேசாகத் தரையைத் தட்டியது. என்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது. பறக்கலாமா?

கூடாது. சுழலும் புரொப்பெல்லர் தரையில் பட்டால் அந்த அடி என்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் வரைக்கும் போகிறது. வெளியே முனை கொஞ்சம் வளைந்தது மட்டும் தெரியும், உள்ளே விரிசல் இருக்கலாம், அது பல மணி நேரம் பறந்த பிறகு நடுவானில்தான் முறியும். என்ஜின் தயாரிக்கும் லைகாமிங், கான்டினென்டல் இரு நிறுவனங்களுமே தட்டிய பிறகு என்ஜினைப் பிரித்துச் சோதிக்கவேண்டும் என்று எழுதிவைத்திருக்கின்றன. மூக்குச் சக்கரம் பலமாக இடித்திருந்தால், என்ஜினுக்கும் அறைக்கும் நடுவேயுள்ள ஃபயர்வால் தகடு சுருங்கியிருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே பெயின்ட் நன்றாக இருக்கும், கீழே கால் பெடல்களுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தால் மடிப்பு தெரியும். அடுத்து அந்த விமானத்தை எடுக்கவிருக்கும் மாணவருக்கு இது தெரியாது. ஆகவே பதிவேட்டில் அன்றே எழுதுங்கள், சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.